கேஸ் புக்கில் ஏறாத இரண்டு மணி நேரம்

ஈரோடு மாவட்டத்துத் தாலுகா மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டில், பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளுக்கு முதல் வேலை ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பது. ஆக்சிடோசின் ஊசி இருக்கிறதா, உள்ளே வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கிறதா. அப்புறம் டெலிவரி ட்ரே, சக்‌ஷன், வார்மர், மூச்சு விடாத குழந்தைக்கான ஆம்பு பை. “தலை தெரியற நேரத்துல வந்து, கத்தரிக்கோல் எங்கீங்க சிஸ்டர்னு கேக்கப்படாது கண்ணு” என்கிறார் பொறுப்பு சிஸ்டர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வந்திருப்பவர்கள் ஜி.என்.எம். இறுதியாண்டுப் பெண்கள். நம் நாட்டில் நர்சிங் முடித்தவர் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் சேர்த்தே பதிவு பெறுகிறார். மிட்வைஃப் வேலைக்கென்று தனியாக 18 மாதப் பயிற்சியை மத்திய அரசு அறிவித்தது 2018-ல்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடுராத்திரி பிரசவம் பார்க்கப்போகிற ஸ்டாஃப் நர்ஸுக்குக் கை பழகும் இடம் இன்னமும் இந்தப் போஸ்டிங்தான்.

பெண்களின் கவலையோ கேஸ் புக். இத்தனை பிரசவம் பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கியாக வேண்டும். “மூணாவது பெட்ல ஃபுல்லாத் தொறந்திருச்சாம்!” என்று ஒருத்தி சொன்னால் மொத்தப் படையும் அங்கே ஓடுகிறது. குழந்தையை ஏந்தியதும் புத்தகமும் பேனாவுமாகக் கலைந்துவிடுகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் கேட்டு வாங்குகிற கல்லூரிகள் மேல்தான் வந்தது.

சிஸ்டரின் வைத்தியம் இது: ஒரு மாணவிக்கு ஒரு தாய். அட்மிஷனில் பிடித்தால், பிரசவம் ஆகி இரண்டு மணி நேரம் வரை அவளை விட்டு நகரக் கூடாது.

வலியோடு வந்த ஒரு பெண்ணிடம் ஒரு மாணவி நேராக வயிற்றில் கை வைக்கப் போனாள். சிஸ்டர் தடுத்தார். முதலில் உன் பேரைச் சொல்லு, தொட்டுப் பார்க்கலாமா என்று கேள், பாத்ரூம் போய்வரச் சொல்லு. முழங்காலை மடக்கிப் படுத்த பிறகு, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உள்ளங்கையைப் பரப்பி வை. விரல் நுனியால் குத்தினால் வயிறு இறுகிக்கொள்ளும், ஒன்றும் புலப்படாது. பத்து நிமிடம் கையை எடுக்காமல் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணு. குழந்தையின் துடிப்பைக் கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வலி அடங்கியதும் முழுதாக ஒரு நிமிடம் கேட்க வேண்டும், இன்னொரு கை தாயின் நாடியில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் காதில் விழுவது அம்மாவின் துடிப்பு. குழந்தையுடையது 110-க்கும் 160-க்கும் நடுவில் ஓடும்.

உள்பரிசோதனை சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரே பெண்ணை அஞ்சு பேர் மாறி மாறிப் பார்ப்பதை அவர் அனுமதிப்பதில்லை. கூட ஒரு துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே வந்துவிட்டது. ஆனாலும் “நீங்க வெளிய போங்கம்மா” என்பதுதான் மாணவிகள் வாயில் முதலில் வருகிறது. துரத்தாதே, இடுப்பை எப்படித் தேய்த்துவிடுவது என்று துணைக்கு வந்த அந்த அம்மாவுக்குக் காட்டு என்கிறார் சிஸ்டர்.

குழந்தை பிறக்கிற கட்டத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எல்லாரும் பார்க்கிற நேரம் அது. பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின், குழந்தை நன்றாக அழுதால் கொடியை வெட்ட அவசரமில்லை.

நஞ்சு வந்த பிறகுதான் பாடம். மாணவி நஞ்சைக் கிட்னி ட்ரேயோடு ஒதுக்கி வைத்துவிட்டாள். சிஸ்டர் அதை விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தாயின் பக்கம் மேலே தெரியும்படி இரண்டு உள்ளங்கையிலும் குழிவாக ஏந்தச் சொன்னார். கருஞ்சிவப்பாகப் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடந்தது. பாத்திகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, எங்காவது பிய்ந்த பள்ளம் இருக்கிறதா? அடுத்து கொடியைப் பிடித்துத் தூக்கித் தொங்கவிட்டு, சவ்வுக்குள் கையை நுழைத்து விரித்தார். குழந்தை வெளியேறிய ஓட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும். சவ்வின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடிவந்து அறுந்து நின்றால், அது போய்ச் சேர வேண்டிய துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். வெட்டிய கொடியில் மூன்று வாய்: இரண்டு தமனி, ஒரு சிரை. மாணவி இரண்டு முறை எண்ணினாள்.

அதற்கப்புறம் வருவது கேஸ் புக்கில் ஏறாத இரண்டு மணி நேரம். பிரசவத்தில் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று உதிரப்போக்கு. அது பெரும்பாலும் எல்லாரும் கையைக் கழுவிவிட்டு எழுத உட்காருகிற இந்தச் சமயத்தில் தொடங்குகிறது. கால் மணிக்கொரு தரம் நாடி, பிரஷர், பேட், தொப்புள் பக்கத்தில் கர்ப்பப்பை. அது கிரிக்கெட் பந்து மாதிரி கையில் தட்டுப்பட வேண்டும். நஞ்சு பார்த்த அதே மாணவி மூன்றாம் தடவை தொட்டபோது கொழகொழவென்று இருந்தது, வலது பக்கம் ஒதுங்கியும் இருந்தது. “சிஸ்டர்!” என்று கத்தினாள். வந்தவர் வயிற்றைத் தேய்த்துவிட்டபடியே, “யூரின் எப்பப் போனாங்க?” என்றார். நிரம்பிய மூத்திரப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் தள்ளியிருக்கிறது. பெட்பேன் வைத்துக் காலியானதும் பந்து திரும்பி வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. கல்லூரி பஸ் மதியம் ஒன்றரைக்குக் கிளம்பிவிடும். பன்னிரண்டரைக்குப் பிரசவம் ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? பஸ்ஸைத் தாமதப்படுத்த முடியாது என்று டியூட்டர் சொல்லிவிட்டார். இப்போதைக்கு சிஸ்டர் செய்திருக்கும் ஏற்பாடு, போகிறவளும் மதிய டியூட்டி நர்ஸும் கட்டிலருகில் நின்று, இருவரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நேரத்தை எழுதி ஒப்படைப்பது. அப்படி ஒப்படைக்காமல் பஸ் ஏறியவளுக்குக் கையெழுத்து கிடையாது.