கலங்கல் தண்ணீரும் கரைத்து வைத்த கடலைமாவும்

தென்காசி, குற்றாலம் வட்டார வியாபாரிகள் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், மாதாமாதம் சந்தா கட்டும் அண்ணாச்சிமாருக்கும், கல்லாவில் உட்காரும் அக்காமாருக்கும்,



வியாபாரிகள் சங்கம் என்றதும் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருவது மே 5 வணிகர் தினத்துக் கடை விடுமுறையும், கடையடைப்பு நோட்டீஸும், கோயில் கொடைக்கு எழுதும் நன்கொடை ரசீதும்தான். உங்கள் வேலையில் பாதி வெளியே தெரிவதில்லை. அந்தப் பாதிக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். ஊரறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால் திறந்தே எழுதுகிறேன்.

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரக்காற்று இறங்கினால் தென்காசி பஜார் முதல் ஐந்தருவி வரை அத்தனை கடையும் விழித்துக்கொள்ளும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக இறங்கும். துண்டு, பனியன், நேந்திரங்காய் சிப்ஸ், மிளகாய் பஜ்ஜி என்று ரோட்டின் இரு பக்கமும் வியாபாரம். ஆகஸ்ட் முடிவதற்குள் எடுக்கிற காசில்தான் கடை ஏலத்தொகை, வட்டி, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அடங்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போது இன்னொரு சின்ன சீசன். மற்ற நாளெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுக்கொடுப்பது என்றால் என்னவென்று வெளியூர்க்காரருக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

ஐந்தருவிப் பக்கம் ஒரு ஜூலை சனிக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணாச்சி ஒருவர் பெரிய போணியில் கடலைமாவு கரைத்து வைத்திருந்தார். மிளகாய் கீறித் தட்டில் அடுக்கியிருந்தது, எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வேனில் வந்து இறங்கிய குடும்பம் ஒன்று துண்டும் கையுமாக அருவிக்குக் கிளம்பியது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏ தம்பி, தண்ணி கலங்கிட்டு. மேக்க நல்ல மழை. பிள்ளைகளக் கூட்டிட்டு அப்படியே ஏறுங்க, இன்னைக்கு வேண்டாம்" என்றார். போலீஸ் விசில் அதற்குப் பிறகுதான் கேட்டது. குளிக்காத கூட்டம் பஜ்ஜி தின்னாது என்பது அவருக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு, மாவுப் போணியை ஈரத்துணியால் மூடினார்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரைக் கொண்டுபோனது. அந்தச் செய்திக்குப் பிறகு, வெள்ளத்துக்கு முன்னறிகுறியான கலங்கலைப் பார்த்ததும் சத்தம் கொடுக்கிற ஒவ்வொரு கடைக்காரரையும் நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

அந்த அண்ணாச்சி நல்லவர் என்பது ஒன்று. அவர் அடுப்பை அணைத்தபோது பக்கத்துக் கடையிலும் எதிர்க்கடையிலும் அணைத்தார்கள் என்பது இன்னொன்று. நான் நன்றி சொல்வது அந்த இரண்டாவதற்கு. நேர்மையாக நடக்க ஒருவர் மட்டும் துணிந்தால் அவருடைய நஷ்டம் பக்கத்துக் கடைக்கு லாபமாகப் போய்விடும். எல்லோருமாகச் சேர்ந்து நஷ்டப்படும்போதுதான் அது தாங்கக்கூடியதாகிறது. அப்படிச் சேர்த்து நிறுத்துகிற வேலையைச் சட்டத்தால் முழுதாகச் செய்ய முடியாது. சங்கத்தால் முடிகிறது.

இப்படி நீங்கள் சேர்ந்து தாங்கிய நஷ்டம் வேறும் உண்டு. 2014இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. தண்ணீருக்கு நல்லது, சிற்றாற்றை நம்பி இருக்கிற கீழ்ப்பக்கத்து வயலுக்கும் நல்லது. ஆனால் எண்ணெய் மசாஜ் செய்தவர்களுக்கும், ஷாம்பு பாக்கெட்டைச் சரம் சரமாகத் தொங்கவிட்ட பெட்டிக்கடைக்கும் அது வயிற்றில் விழுந்த அடி. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. பை தராத கடையை விட்டுவிட்டுப் பை தருகிற கடைக்குப் போகிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்களாகிய நாங்கள். அதையும் பொறுத்துக்கொண்டு, சரத்தைக் கழற்றி, துணிப்பையை மாட்டினவர்கள் உங்களில் நிறையப் பேர்.

பிறகு கொரோனா. 2020, 2021 என்று இரண்டு பெரிய சீசனும் போயிற்று. அருவி கொட்டிக்கொண்டுதான் இருந்தது, குளிக்க ஆளை விடவில்லை. எடுத்த ஏலம் தலைமேல் நின்றது. சரக்கைக் கடனாகக் கொடுத்த மொத்த வியாபாரிகள், வசூலுக்கு வந்த வாசலில் பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பியதை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் தடை நீங்கியபோது அத்தனை கடையும் மறுபடி திறந்தது என்றால், அதற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

2023 ஆகஸ்டில் குற்றாலநாதர் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகள் பற்றி எரிந்தன. சீசன் சரக்கு உள்ளே இருந்த நேரம். தகரக் கொட்டகைக்கு இன்ஷூரன்ஸ் ஏது? அப்படிப்பட்ட நாளில் தனி ஆளின் குரல் எந்த ஆபீஸ் படியையும் தாண்டாது. சங்கத்து லெட்டர்பேடில் போகிற மனு தாண்டும்.

இதெல்லாம் நேற்றுத் தொடங்கிய பழக்கமும் இல்லை. நம் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் வருகிற கொல்லத்தில், 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களை ஒரு தேவாலயத்துக்குக் காவலாக நிறுத்துகின்றன. அரசன் கொடுத்ததைப் பாதுகாக்கும் பொறுப்பு வியாபாரிகளிடம் இருந்திருக்கிறது. வடக்கே விருதுநகரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்தார்கள், வீடுகளில் பிடி அரிசி வாங்கினார்கள். அந்தக் காசில் நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. காமராசர் படித்த பள்ளி அது. பின்னாளில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த மனிதர், கடைத்தெருக் காசில் எழுத்துப் படித்தவர். மகமையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கணக்குதான்: பெரிய மண்டிக்காரர் அதிக மூட்டை விற்றால் அதிகம் கொடுப்பார், சின்னவர் குறைவாகக் கொடுப்பார். யார் முன்னாலும் யாரும் கூசி நிற்க வேண்டியதில்லை.

நன்றியோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. உரிமையோடு கேட்கிறேன்.

கடை ஏலம் எடுக்க வசதியில்லாமல் சாக்கை விரித்து நுங்கும் மாங்காய்க் கீற்றும் விற்கிற அக்காமார் உங்கள் சங்கப் பதிவேட்டில் இருக்கிறார்களா? கலங்கல் வந்தால் அவர்களுக்கும்தான் போணி இல்லை. கடைக்காரருக்காவது சரக்கு நாளைக்கு இருக்கும், வெட்டின நுங்கு சாயங்காலத்துக்குள் வீணாகிவிடும். சாலையோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம், ஊர் விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பேசுகிற தைரியம் அவர்களுக்கு ஒரு சங்கத்திலிருந்துதான் வர முடியும். சந்தாவை மகமைக் கணக்கில் வையுங்கள், விற்பனைக்குத் தக்கபடி. அடுத்த பொதுக்குழு சீசனுக்கு முன்னால் கூடும்போது அவர்களையும் கூப்பிடுங்கள். கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள், அது அவர்களுக்குச் சரக்கெடுக்கிற நேரம்.


தென்காசியிலிருந்து
உங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர்