ஓரத்தில் எழுதப்படும் திருத்தம்



வீடு சந்திப்புக்குச் செல்லும்போது பெற்றோர் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "எங்கள் மகள் இரவெல்லாம் கணினிக்கு முன்னால் விழித்திருக்கிறாள். ஏதோ பழுது என்கிறாள். கையால் தொட்டுப் பார்க்க முடியாத பொருளில் அப்படி என்ன பழுது, ஐயா?" ஊழியத்திற்கு வருமுன் பதினோரு ஆண்டுகள் அதே வேலையைச் செய்தவன் என்ற முறையில், சென்னையில் நான் அருகிலிருந்து கண்ட ஒரு பழுதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் கணினிச் செய்தி கலந்திருக்கும், பொறுமையாய் வாசியுங்கள். அதில் ஒரு மனுஷியின் நற்பெயரும் அடங்கியிருக்கிறது.

எங்கள் குழு கடல்கடந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக உழைத்தது. அந்த நிறுவனத்தின் கணக்குகளெல்லாம் ஒரு மெயின்ஃப்ரேமில் இருந்தன. மெயின்ஃப்ரேம் என்றதும் அருங்காட்சியகப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதன் வம்சத்தில் வந்த இயந்திரங்களே இன்றும் உலகின் பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் கணக்கைச் சுமக்கின்றன. அவற்றில் தகவல்களைக் காத்துவைக்கும் டி.பி.2 என்னும் டேட்டாபேஸ் 1983-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வித்திட்டது எட்கர் காட் என்ற ஆராய்ச்சியாளர் 1970-இல் எழுதிய கட்டுரை.

இந்தப் பெரிய இயந்திரத்தோடு சிறிய கணினிகள் நேரடியாகப் பேசிவிட முடியாது. நடுவில் கிளையன்ட் என்னும் மென்பொருள் தேவை. வாசலில் நின்று கேள்வியை எடுத்துச் சென்று விடையைக் கொண்டுவரும் தூதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக்கும் எழுத்து வழக்குகூட வேறு. நம் மேசைக் கணினி ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தை 41 என்று பதினாறடிமான எண்ணில் குறித்துவைக்கும். மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் வழக்கிலோ அதே எழுத்து சி1. இத்தனை வேற்றுமைக்கு நடுவே நாள் முழுவதும் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்தி போய் வருவதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

தூதன் வழியில் தடுக்கப்பட்டால் ஒரு எண்ணைச் சொல்லுவான். 30081 என்றால் பாதையே இல்லை: முகவரியோ வாசல் எண்ணோ தவறு, அல்லது இடையில் யாரோ கதவை அடைத்திருக்கிறார்கள். 30082 என்றால் கடவுச்சொல் பக்கம் பார்க்க வேண்டும். 1598 என்றால் உரிமம் இல்லை. இவற்றையெல்லாம் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ச் சோதிப்பதே முறை. பாதை திறந்திருக்கிறதா என்று பாராமல் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர் பாதி இரவை வீணாக்குவார்.

எங்களுக்கு வந்த எண் மைனஸ் 805. கேட்ட பேக்கேஜ் மெயின்ஃப்ரேமில் இல்லை என்பது அதன் பொருள். கிளையன்ட் தன் கேள்விகளைக் கேட்பதற்கு மெயின்ஃப்ரேமில் முன்கூட்டியே சில பேக்கேஜ்களைப் பதித்துவைத்திருக்க வேண்டும். கிளையன்ட்டின் புதிய பதிப்பை நிறுவிவிட்டு அவற்றை மறுபடி பதிக்காமல் விட்டால் இந்த எண்தான் வரும் என்பது அத்துறையில் எல்லாரும் அறிந்தது.

அந்தப் பழுதுக்கு முந்தின சனிக்கிழமைதான் கிளையன்ட்டின் புதிய பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. நிறுவியவர் எங்கள் குழுவிலேயே இளையவர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் ஆகாத ஒரு பெண். என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாற்றினேன் என்று அன்றிரவே எல்லாருக்கும் மின்னஞ்சல் எழுதியிருந்தார். திங்கட்கிழமை பழுது வந்ததும் எல்லாருடைய விரலும் அந்த மின்னஞ்சலைச் சுட்டியது. பழுதுச் சீட்டில், காரணம் என்ற கட்டத்தில், அவருடைய பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். அவருடைய வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அவர் அனுப்பும் பணத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருந்தது. கடலுக்கு அப்பாலோ, வீடு எரிந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும் இழப்பீட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஆகவே யாருக்கும் நிதானம் இல்லை.

பழுதின் நடத்தை விசித்திரமாய் இருந்தது. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். நண்பகலுக்குச் சற்றுமுன் 805 வரும். சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். மாலையில் மீண்டும் வரும். மூன்றாம் நாளே, தினமும் பன்னிரண்டு மணிக்குத் தானாக மறுதொடக்கம் செய்யும்படி ஓர் ஏற்பாடு செய்துவிட்டார்கள். வலியை மட்டும் போக்கிவைக்கும் மாத்திரைக்கு அலுவலகங்களில் எப்போதும் கிராக்கி உண்டு.

புதன்கிழமை மாலை அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன, குரலில் நடுக்கமில்லை. "அண்ணா, பேக்கேஜ் பதிக்கப்படவே இல்லை என்றால் காலையிலும் இருக்கக்கூடாதே? காலையில் எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டார். பிறகு, "எல்லாரும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது, அதைப் பாருங்கள்" என்று செய்தியை முழுவதுமாக விரித்துக் காட்டினார். இல்லை என்று சொல்லப்பட்ட பேக்கேஜின் பெயர் எஸ்.ஒய்.எஸ்.எல்.எச். 203 என்று முடிந்தது.

அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். கடைசி இரண்டு இலக்கங்கள் வரிசை எண். இயல்பான அமைப்பில் பெரிய பேக்கேஜ்கள் மூன்று: 200, 201, 202. அவற்றோடு சிறியவை மூன்று. எல்லாம் சேர்ந்து ஓர் இணைப்பில் ஒரே நேரத்தில் 1344 கேள்விகளைத் திறந்துவைத்திருக்க இடம் தரும். அவ்வளவு இடமும் நிரம்பிய பிறகே கிளையன்ட் நான்காவது பெரிய பேக்கேஜாகிய 203-ஐத் தேடிப் போகும்; அது ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே எதுவும் காணாமற்போகவில்லை. எங்கள் நிரல் கேள்விகளைத் திறந்து திறந்து, மூடாமலே விட்டுக்கொண்டிருந்தது. காலை முழுவதும் மெல்ல மெல்ல நிரம்பியது, நண்பகலில் வழிந்தது. 'இல்லை' என்று செய்தி சொன்னது. 'மூடவில்லை' என்பதே உண்மை.

இங்கே ஒரு குறுக்குவழியும் உண்டு. பேக்கேஜ்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து முப்பது வரை உயர்த்திக்கொள்ளலாம். அப்படிச் செய்துவிடலாம் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இன்னும் பெரிய அண்டாவை வைப்பதற்கு ஒப்பானது அது. வேண்டாம் என்று நாங்கள் இருவரும் வாதாடினோம்.

சரி, மூடாமல் விட்டது எந்த இடத்தில்? எப்போதிலிருந்து? இங்கேதான் எங்கள் ஏழ்மை வெளிப்பட்டது. நிரலின் பழைய வடிவங்கள் பொது வட்டில் பதினான்கு உறைகளாய்க் கிடந்தன. ஒன்றின் பெயர் 'கடைசி'. இன்னொன்று 'புதிய கடைசி'. 'உண்மையான கடைசி, தொடாதே' என்றும் ஒன்று இருந்தது. யார், எந்த நாளில், எதற்காக மாற்றினார்கள் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. இதில் நாணத்தக்கது என்னவென்றால், பழமையானது என்று நாங்கள் ஏளனம் செய்த மெயின்ஃப்ரேம் பக்கத்தில் இந்த ஒழுங்கு பல பத்தாண்டுகளாக இருந்தது. கோபால் நிரலில் ஒரு வரி எண்பது எழுத்து அகலம். துளை அட்டைக் காலத்து அளவு அது. முதல் ஆறும் கடைசி எட்டும் நிரலின் பொருளில் சேராத ஓரங்கள். ஒரு வரியை மாற்றினால் அந்த ஓரத்தில் ஓர் அடையாளக் குறி இடுவது பழைய நிரலர்களின் வழக்கம். நவீனமானவர்கள் என்று எண்ணிக்கொண்ட எங்களுக்குத்தான் ஓரமே இல்லாமல் இருந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்த உறைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டோம். விடை கிடைத்தது. தேடிய காப்பீட்டு எண் இல்லாதபோது பாதியிலேயே திரும்பிவிடும்படி ஒரு வரி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்க்கப்பட்டிருந்தது. திரும்பும் அவசரத்தில் கேள்வியை மூடும் வரி கடக்கப்படாமல் போயிற்று. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் தீங்கு நேரவில்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் இணைப்பையே துண்டித்துவிடுவதால், திறந்து கிடந்தவை யாவும் அதோடு விடுபட்டன. அப்படியானால் இப்போது என்ன மாறியது? அதே சனிக்கிழமை, வேறொரு குழு, வேகம் கூட்டுவதற்காக இணைப்புகளைத் துண்டிக்காமல் நாள் முழுவதும் வைத்திருக்கும்படி அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தது. அதை அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒரே இரவில் இரண்டு மாற்றங்கள். ஒன்றை எழுதிவைத்தவர் குற்றவாளியானார். எழுதாதவர்கள்மேல் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. பதிவு வைக்காத கூட்டத்தில் நேர்மையாய்ப் பதிவு வைக்கும் ஒருவர், தம்முடைய உண்மையாலேயே பிடிபடுகிறார். அதைக் கண்ட மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? வாயைத் திறவாதிருக்கக் கற்றுக்கொள்வார்கள். அந்த மென்பொருள் பழுதைவிட இது எனக்குப் பெரிய பழுதாய்த் தோன்றியது. குடும்பங்களிலும், சபைக் கமிட்டிகளிலும்கூட இதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் அடுத்த வாரமே கிட் என்னும் மென்பொருளைக் கொண்டு பதிவு முறை ஒன்றை அமைத்தோம். நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் இவ்வகைக் கருவிகளுள் முன்னோடியானதை மார்க் ராக்கைண்ட் என்பவர் பெல் ஆய்வகத்தில் 1972-இல் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். இதில் ஒவ்வொரு மாற்றமும் நான்கு காரியங்களோடு பதியப்படும்: யார், எப்போது, எதற்காக, இதற்கு முந்தின பதிவு எது. அவை எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது எழுத்து முத்திரை ஒன்று கணக்கிடப்படும். பழைய பதிவில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதற்குப் பின்வரும் எல்லா முத்திரைகளும் மாறிவிடும். ஆகவே திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்றவர் கையிலுள்ள பிரதி அதைக் காட்டிக்கொடுக்கும். தவறான மாற்றத்தை விலக்க வேண்டுமானால், அதை அழிக்காமல், அதற்கு எதிரான புதிய பதிவு ஒன்றைச் சேர்ப்பதே நல்ல வழக்கம்.

நம் ஆலயத்தில் திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட்ட பெரியவர்களுக்கு இது புதிதல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், பதிவேட்டில் பிழை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுகிறது. மணமக்களின் முன்னிலையிலோ, அவர்கள் இல்லாவிட்டால் நம்பத்தகுந்த இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலோ, மூலப் பதிவில் கைவைக்காமல், திருத்தத்தை ஓரத்தில் எழுதி, கையொப்பமிட்டு, தேதி குறிக்க வேண்டும். இந்தப் பிரிவை நான் முதன்முதலாக வாசித்தபோது சிரித்துவிட்டேன். ராக்கைண்டுக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது எழுதப்பட்டிருக்கிறது!

அமைப்பதில் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பதினான்கு உறைகளையும் தேதி வாரியாக ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து, தொலைந்த வரலாற்றை இயன்றமட்டும் மீட்டோம். சிலர் விண்டோஸ் கணினியிலும் சிலர் யூனிக்ஸிலும் எழுதியதால், வரியின் முடிவைக் குறிக்கும் முறை வேறுபட்டு, ஒரு வரி மாறியிருந்தாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டியது. அதை முதலில் ஒரே வழக்குக்குக் கொண்டுவந்தோம். கடவுச்சொற்களை வெளியே எடுத்தோம். அமைப்புக் கோப்புகளை உள்ளே சேர்த்தோம். எங்களை அலைக்கழித்தது அங்கிருந்த ஒரு வரியல்லவா?

மனிதரிடமிருந்து வந்த தடையே பெரிது. கிட்டில் பிளேம் என்றொரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும். அந்தச் சொல்லுக்குப் பழி என்று பொருள். அதைக் கேட்டதுமே பலர் முகம் சுளித்தார்கள். சப்வெர்ஷன் என்னும் வேறொரு கருவியில் இதே கட்டளைக்குப் புகழ்ச்சி என்று பொருள்படும் பிரெய்ஸ் என்ற மறுபெயரும் உண்டு. செய்யும் வேலை ஒன்றேதான். பயம் தீரும்வரை நாங்கள் அந்தப் பெயராலேயே அதை அழைத்தோம். உண்மையில் அந்தக் கட்டளையால் நாங்கள் தேடியது ஆளை அல்ல, 'எதற்காக' என்ற வரியை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அவசர வரியைச் சேர்த்தவருக்கும் ஏதோ நியாயமான காரணம் இருந்திருக்கும். அது எழுதப்படாததால் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லாமற்போனார்கள்.

பழுதுச் சீட்டில் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் இருந்தது. அதை நீக்கிவிடச் சொல்லலாமா என்று கேட்டேன். "நீக்க வேண்டாம் அண்ணா. நீக்கினால் முதலில் என்ன எழுதினார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். கீழே உண்மையை எழுதச் சொல்லுங்கள்" என்றார். மேலாளர் இரண்டு நாள் தயங்கிவிட்டு எழுதினார்: கிளையன்ட் நிறுவலில் பிழை இல்லை, நிரல் கேள்விகளை மூடாததும், இணைப்பு அமைப்பு மாறியதும் சேர்ந்ததே காரணம், நிறுவியவர் அனுப்பிய குறிப்பே இதைக் கண்டறிய உதவியது. தேதியும் தம் பெயரும் இட்டார். அம்மாதமே அவருடைய வேலை நிரந்தரமாயிற்று.

மூடும் வரி சரியான இடத்துக்கு மாற்றப்பட்ட பின்னும், நண்பகல் மறுதொடக்கத்தை நிறுத்த ஏறக்குறைய ஒரு மாதம்வரை ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் அதை நீக்கியவரும் அந்தப் பெண்தான். 'எதற்காக' என்ற இடத்தில், இனித் தேவையில்லை என்று எழுதியிருந்தார்.