வெள்ளைக்காரன் பழக்கின ஆக்கள்

1985ஆம் ஆண்டாக இருக்கவேண்டும். எங்கள் ஊர் மட்டக்களப்பில் எழுவான்கரைப் பக்கம். பிரதான வீதியால் ஜீப் வரும் சத்தம் கேட்டால் பொடியன்கள் நாங்கள் வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் ஓடி ஒளிந்துவிடுவோம். ஒருநாள் முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தபோது அம்மா கிணற்றடியில் வைத்துச் சொன்னா: "வெள்ளக்காரன் பழக்கின ஆக்களாம் மனே. கண்ணுல படாம இரு."

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவ. ஆங்கிலப் பத்திரிகை பார்த்ததில்லை. சந்தையில் கேட்டதைத்தான் சொன்னா. சந்தையில் மீன் விற்றவருக்கும் அது தெரிந்திருந்தது. அந்தப் பேச்சு சரியானது என்பதைத் தாளில் எழுதிப் பார்ப்பதற்கு எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

விபரம் இதுதான். கே.எம்.எஸ். என்று ஒரு பிரித்தானியக் கம்பனி. விரித்தால் 'கீனி மீனி சேர்விஸஸ்'. குழந்தைகள் விளையாட்டுப் பேர் மாதிரி இருக்கும். எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவில் இருந்த அதிகாரிகள் தொடங்கியது. 1984இல் இலங்கை அரசு அவர்களைக் கூலிக்கு அமர்த்தியது. பொலிசுக்குள் புதிதாக உருவாக்கப்பட்ட விசேட அதிரடிப்படைக்குக் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் அவர்கள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இராணுவத்துக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஹெலிகொப்டரும் ஓட்டினார்கள். அந்த அதிரடிப்படை கிழக்கில் நிறுத்தப்பட்டது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்தவர்களும் அயலவர்களுமாகப் பலர் கொல்லப்பட்டதைப் படுவான்கரையில் இன்றும் நினைவுகூருகிறார்கள்.

லண்டனில் அரசாங்கத்தின் பதில் அப்போது ஒரே மாதிரியாகத்தான் இருந்தது: அது தனியார் கம்பனியின் வியாபாரம், அரசுக்குச் சம்பந்தமில்லை. 1985 ஏப்ரலில் மார்கிரட் தட்சர் இலங்கைக்கே வந்து, பிரித்தானிய உதவிப்பணத்தில் கட்டிய விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். அந்த நேரத்தில் கம்பனிக்காரர் அந்தத் தீவில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

நான் 1989இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அடைக்கலம் தந்தார்கள். குளிருக்கு ஒரு கோட்டும் இருக்க ஒரு அறையும் கிடைத்தன. இரவில் கடிதம் தரம்பிரிக்கும் வேலை. அதிலேயே ஓய்வும் பெற்றேன். அம்மா சொன்ன வசனத்தை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. பயம் ஒன்று. அதைவிட, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவன். தஞ்சம் தந்த வீட்டுக்காரனிடம் போய், 'நான் ஓடிவந்த நெருப்புக்கு விறகு கொடுத்ததில் உன் பங்கு எவ்வளவு' என்று எப்படிக் கேட்பது?

கேட்டது மகள்தான். அவள் இங்கே பிறந்தவள். பத்திரிகையாளர் பில் மில்லர் 2020இல் இந்தக் கம்பனியைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அப்பா, இது உங்கட ஊர்க் கதைதானே, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். நான் உப்புக் கதையைச் சொன்னேன். "முப்பது வருஷமா டாக்ஸ் கட்டினனீங்கள். உப்பு நீங்களும்தான் போட்டிருக்கிறீங்கள்," என்றாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டு பேருமாகக் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். வாசலில் ஒரு குளம், தாராக்கள். பேனையை வெளியில் வைத்துவிட்டுப் பென்சிலோடுதான் உள்ளே போகலாம். நமது இருக்கை எண் போட்ட பெட்டிக்குள் கோப்பு வந்து கிடக்கும். வெளிநாட்டமைச்சின் தெற்காசியப் பிரிவுக் கோப்புகளைப் புரட்டினோம். பழைய தட்டச்சு எழுத்து, ஓரத்தில் அதிகாரிகளின் கையெழுத்துக் குறிப்புகள். இப்படி வெளிவந்த கோப்புகளில் இருந்துதான், கொழும்பிலிருந்த பிரித்தானியத் தூதரகத்துக்குக் கம்பனியின் வேலை தெரிந்திருந்ததும், புதுடில்லி இதுபற்றி லண்டனிடம் முறையிட்டதும் வெளியில் தெரியவந்தது. சந்தையில் பேசிக்கொண்டதை அங்கே நல்ல ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

சில இடங்களில் பக்கத்துக்குப் பதிலாக ஒரு தாள் மட்டும் இருந்தது: இன்ன சட்டப்பிரிவின்படி அமைச்சு வைத்துக்கொண்டது. அந்தத் தாள் இருப்பதுகூட ஒரு பேறு. 1978 முதல் 1980 வரையிலான இலங்கைக் கோப்புகள் ஏறத்தாழ 200ஐ அமைச்சு அழித்துவிட்டது என்பது 2018இல் வெளியானது. எம்.ஐ.5 அதிகாரியும் எஸ்.ஏ.எஸ்.காரரும் இலங்கைக்கு ஆலோசனையும் பயிற்சியும் கொடுக்கப்போன காலம் அது. கம்பனி செய்ததற்குப் பொறுப்பில்லை என்று சொல்லலாம். அதற்கு முன் போனவர்கள் அரசின் ஆட்களல்லவா? அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேள்வி கேட்கப் போகிறவனுக்கு ஆதாரமும் இல்லை, மறுக்கப் போகிறவனுக்குச் சிரமமும் இல்லை.

இதில் ஒன்றை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டுகளில் எங்கள் பெடியளையும் இந்தியா கூட்டிக்கொண்டுபோய்ப் பயிற்சி கொடுத்தது. வெள்ளைக்காரனைக் கேட்கும் வாய் அதையும் கேட்கவேண்டும். 1986இல் அந்தத் துவக்குகள் ஒரே ஊர்ப் பிள்ளைகளை நோக்கித் திரும்பியபோது, பழக்கிவிட்டவர்களில் யாரும் கணக்குக் கொடுக்கவில்லை.

சட்டம் என்று பார்த்தால் அமெரிக்கர்களிடமாவது ஒரு கொக்கி இருக்கிறது. செனட்டர் பற்றிக் லேகியின் பெயரில் 1997இல் வந்த சட்டம்: பாரிய மனித உரிமை மீறலில் ஈடுபட்டதாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு உதவி கொடுக்கக்கூடாது. அது எத்தனை முறை வளைக்கப்படுகிறது என்பது வேறு கதை. சட்டம் என்று இருந்தால் மீறினாய் என்றாவது சொல்லலாம். இங்கே 2011இல் வந்தது ஒரு வழிகாட்டி. பயிற்சி கொடுக்கமுன் அதிகாரிகள் மனித உரிமை ஆபத்தை மதிப்பிடவேண்டும் என்கிறது. நல்ல காரியம். ஆனால் அந்த மதிப்பீடுகள் பொதுவாகப் பகிரங்கமாவதில்லை. தனியார் படைக் கம்பனிகளைக் கட்டுப்படுத்தும் வழிகள் பற்றி 2002இல் ஓர் ஆலோசனை அறிக்கை போட்டார்கள். உரிமம் கொடுக்கும் முறை எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. துவக்கை ஏற்றுமதி செய்ய உரிமம் எடுக்கவேண்டும். துவக்கைப் பிடிக்கப் பழக்குகிற ஆளை அனுப்ப அப்படி ஒரு பொது முறை கிடையாது.

கேட்டால் எதுவும் நடக்காது என்றும் இல்லை. ஸ்கொட்லாந்துப் பொலிஸ் பல ஆண்டுகளாக இலங்கைப் பொலிசுக்குப் பயிற்சி கொடுத்துவந்தது. எங்கள் ஆட்களும் மற்றவர்களும் விடாமல் கேட்டார்கள். 2021 நவம்பரில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள். கே.எம்.எஸ். விடயத்தில், போர்க்குற்றம் நடந்ததா என்று விசாரிப்பதாக லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸ் 2020இல் உறுதிப்படுத்தியது. 1984இலிருந்து எண்ணினால் 36 வருடம். 2025 மார்ச்சில் முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா உட்பட நால்வர்மீது பிரித்தானியா தடை விதித்தது. தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கியவன் நான். பக்கத்தில் இருந்த மகள், "இவை மற்றவையின்ர ஆக்கள். தங்கட ஆக்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?" என்றாள்.

அந்த வாரமே எங்கள் தொகுதி எம்.பி.க்குக் கடிதம் எழுதினோம். அவள் எழுதினாள்; கீழே என் பெயர். கடந்த பத்தாண்டில் எந்தெந்த நாட்டுப் படையினருக்கு, எத்தனை பேருக்கு, என்ன பயிற்சி, யார் மதிப்பிட்டார்கள் என்று நான்கு கேள்வி. கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது. வயதும் காரணமாக இருக்கலாம். எம்.பி. அதை ஓர் அமைச்சுக்கு அனுப்ப, ஆறு வாரத்தில் இரண்டு பக்கப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். மனித உரிமையில் தங்களுக்குள்ள அக்கறை பற்றி ஒரு முழுப் பக்கம். நான்கு கேள்விக்கும் விடை இல்லை.

மகள் இப்போது தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அதே நான்கையும் திரும்பக் கேட்டிருக்கிறாள். இருபது வேலைநாளுக்குள் பதில் தரவேண்டுமாம். இன்று பதினோராவது நாள்.