பொறியியலோ, கட்டடக்கலையோ?

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்த சில நாட்களுக்குள், ஆண்டுதோறும் எம் வீட்டு வாயிலிற் பெற்றோர் சிலர் வந்து நிற்பர். யாமோ தமிழ் கற்பிப்பவர். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் ஒன்றே எம் கைப்பொருள். ஆயினும், தம்பலகாமத்திலே பிள்ளை எத்துறையிற் புகுவது என்ற வினா எழுந்தால், அது வாத்தியார் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கின்றது. அவ்வினாக்களுள் அடிக்கடி எழும் ஒன்றைப் பற்றி, எம்மை ஆளாக்கிய இந்துக் கல்லூரியின் விழா மலரிலே சில கூற விழைகின்றோம். கணிதப் பிரிவிற் சிறந்த புள்ளி பெற்ற பிள்ளை குடிசார் பொறியியலைக் கற்பதா, கட்டடக்கலையைக் கற்பதா என்பதே அது.

முதலிற் சொல்லைப் பார்ப்போம்; தமிழாசிரியர்க்கு அதுவே பழகிய வழி. பொறியியலுக்குக் 'குடிசார்' என்னும் அடை ஏன் வந்தது? ஐரோப்பாவிலே முற்காலத்திற் பொறியியலாளர் எனப்பட்டோர் படையைச் சார்ந்தவர்; கோட்டையும் அரணும் அவர் தொழில். 18 ஆம் நூற்றாண்டிலே ஜோன் சிமீற்றன் என்னும் ஆங்கிலேயர், கலங்கரை விளக்கமும் பாலமும் துறைமுகமும் கட்டிய தம் தொழிலைப் படைத்தொழிலினின்றும் வேறுபடுத்த இவ்வடையைச் சூட்டிக்கொண்டார். எம் மாவட்டத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. பிரெடரிக் கோட்டையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் படைக்காக எழுந்தவை; கந்தளாய்க் குளமும் அதன் வாய்க்கால்களும் குடிகளுக்காக எழுந்தவை.

இலண்டனிலே குடிசார் பொறியியலாளர் சங்கம் 1818 இலும், கட்டடக்கலைஞர் சங்கம் 1834 இலும் தோன்றின. இவ்வாறு தொழில் இரண்டாகப் பிரிந்தது. நம்மவரிடத்தே அப்பிரிவு இருந்ததில்லை. நெடுநல்வாடையிலே அரண்மனைக்கு நிலம் வகுப்போர், நிழல் பார்த்துத் திசை தெளிந்து கயிறிட்டு அளப்பதைக் கற்றவர் அறிவர். இன்றும் கோயில் எடுக்கும் ஸ்தபதியார் கல்லின் பாரத்தையும் கருதுவார். கோபுரத்தின் அழகையும் கருதுவார்.

இனி, இரண்டன் இயல்பையும் நோக்குவோம். பொறியியலாளர் கேட்கும் முதற்கேள்வி, 'இது நிற்குமா?' என்பது. அக்கேள்வியின் கனத்தை எம் பகுதியார் நன்கறிவர். 1986 ஆம் ஆண்டு ஏப்ரில் 20 ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். யாம் அப்போது சிறுபிள்ளை. விடிந்த பின் பெரியோர் ஒருவரோடொருவர் பேசாது வாய்க்காற் கரையிலே நின்றமை இன்றும் நினைவில் உண்டு. மண்ணையும் நீரையும் அறிந்தவர் ஓர் ஊருக்கு எத்துணை இன்றியமையாதவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. நம்மவராகிய அழகையா துரைராசா அவர்கள் கேம்பிறிட்ஜிலே களிமண் பாரத்தின் கீழ் நெகிழும் முறையை ஆராய்ந்தவர். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் அவர் 1963 இல் வெளியிட்ட ஆய்வு, மண் பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. அவரே 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயும் விளங்கினார்.

ஆனால், நிற்றல் மட்டும் போதுமா? போர் ஓய்ந்த பின் எம் சின்னம்மா ஒருவர்க்கு உதவித் திட்டத்தின் கீழ் வீடு ஒன்று கிடைத்தது. சுவர் உறுதியானது, கூரை ஒழுகாது. ஆனால் குசினியிற் புகை போக வழியில்லை. நெல் மூடை அடுக்க இடமில்லை. கச்சான் வீசும் மாதங்களில் அறை உலைபோற் கொதிக்கும். ஓராண்டிலே அவர் பக்கத்திற் கிடுகாற் பத்தி ஒன்று இறக்கிக்கொண்டார். இன்று வீட்டிலே நெல் இருக்கின்றது. பத்தியிலே மனிதர் இருக்கின்றனர். 'இதிலே எவர், எவ்வாறு வாழ்வர்?' என்பதே கட்டடக்கலைஞர் கேட்கும் முதற்கேள்வி. அவ்வீட்டை வரைந்தபோது அக்கேள்வியைக் கேட்பார் இலர்.

இரு கேள்வியும் ஒருங்கே கேட்கப்படின் விளைவு யாது? ஜெப்ரி பாவா அவர்கள் முதலிற் சட்டம் பயின்றவர்; 1957 இல், தமது 38 ஆவது வயதிலேயே கட்டடக்கலைஞரானார். அவருக்கு நெடுநாட் பங்காளராய் இருந்தவர் கே. பூலோகசுந்தரம் என்னும் பொறியியலாளர். கோட்டேயிலே நீர்சூழ 1982 இல் திறக்கப்பட்ட பாராளுமன்றம் அவ்விருவரும் கூடி உழைத்த காலத்தது.

இனி எம் மாணவர் இருவரைக் கூறுவோம். ஒருவன் சித்திரத்திலே வல்லவன். அவனைக் கட்டடக்கலைக்கே அனுப்புக என்றனர் பலர். அவன் கொப்பியைப் புரட்டினோம். அவன் வரைந்திருந்தவை துருசும் பாலமும் அணைக்கட்டின் குறுக்குவெட்டும்; மனிதரை எங்கும் காணோம். அவன் பொறியியலிற் புகுந்தான். மற்றொருத்தி கணிதத்திலே முதல்வி. தந்தையார் கமக்காரர். "வாத்தியார், எஞ்சினியர் எண்டால் ஊர் அறியும், மற்றதை ஆர் அறிவார்?" என்று கவன்றார். அவளோ, "அப்பா, அம்மா நாள் முழுக்கப் புகைக்குள்ளே நிற்கிறா, அதை ஆர் அறிவார்?" என்றாள். தந்தையார் மறுமொழி கூறவில்லை. மொறட்டுவைக்குப் பரீட்சைக்குச் சென்றபோது அவரே உடன் சென்றார். அவள் இன்று கட்டடக்கலை பயில்கின்றாள்.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புமுன் அறியவேண்டியன சில உள. பொறியியற் படிப்பு நான்காண்டு. பேராதனையிலும் மொறட்டுவையிலும் முதலிற் பொதுப்பாடங்களைக் கற்ற பின்னரே குடிசார் முதலிய பிரிவு அமையும். விரும்பிய பிரிவு கிடைக்க அங்கும் ஊன்றிக் கற்றல் வேண்டும். மொறட்டுவையிலே கட்டடக்கலை ஐந்தாண்டு. அதற்கு உயர்தரப் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேறுதல் வேண்டும். ஆதலின் அதனை விரும்பும் பிள்ளை முன்னரே அப்பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்க. ஓராண்டு மிகுதியாகும் செலவையும் பெற்றோர் முன்னரே எண்ணுக. பெயரின் பெருமை கருதித் தெரியற்க. தன் மனம் இயல்பாக எக்கேள்வியைக் கேட்கின்றது என்பதைக் கருதித் தெரிக.

பழைய மாணவராகிய அன்பர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்விரு துறைகளிலும் பணிபுரிவோர் உங்களுள் உளர். எம் பிள்ளைகளுட் பலர் கட்டட வேலைத்தளம் ஒன்றைத் தொழில் அறிந்தவரோடு நின்று கண்டதில்லை. விடுமுறையிலே ஒருநாள், ஒரு பிள்ளையையேனும் உடன் அழைத்துச் சென்று காட்டுவீராயின், திண்ணையிலிருந்து யாம் கூறும் நூறு வார்த்தையினும் அது பயன் தரும். நிற்பனவும் வாழத்தக்கனவுமாகிய மனைகள் எம் ஊரிலே எழுக! எம் கல்லூரி நீடு வாழ்க!