பூட்டு இல்லாத கடிதம்!

'4கே6எஃப்4கே6பி4கே+என்' - இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? பாஸ்வேர்டா? வைரஸா? இல்லை, பூனை ஏதாவது கீபோர்டு மேல நடந்துபோச்சா?

எங்க அம்மாவும் 'வைரஸ்'னுதான் நினைச்சாங்க. அதுவும் பல வருஷமா!

2007-ல் எங்க அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். அங்கிருந்து அம்மாவுக்குத் தமிழில் ஒரு நீளமான மெயில் போட்டார். பிரவுசிங் சென்டரில் அதைப் படிச்சுட்டு, 'பத்திரமா எடுத்துக் கொடு தம்பி'ன்னு சி.டி-யில் வாங்கிட்டு வந்தாங்க அம்மா. அப்புறம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் ஆசையா சி.டி-யைப் போட்டா... நோட்பேடில் மேலே சொன்ன மாதிரி பக்கம் பக்கமா உளறல். ரொம்ப நாள் திறக்காததால மெயில் அக்கவுன்ட்டும் போச்சு. 2013-ல் அப்பாவும் போயிட்டார்.

போன மாசம் வீட்டை ஒதுங்க வைக்கும்போது, 'வடகத்துக்கு வர்ற காக்காவை விரட்ட இந்த சி.டி-யைக் கட்டலாம்'னு சித்தி எடுத்தாங்க. அம்மா முகத்தைப் பார்த்தேன். 'குடுங்க சித்தி, நான் ஒரு தடவை பார்க்கறேன்'னு வாங்கிட்டேன். என் லேப்டாப்பில் சி.டி. டிரைவே கிடையாது. ஃப்ரெண்டுகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டேன்.

ஃபைலின் மேலேயே ஒரு வார்த்தை இருந்துச்சு... 'பேஸ்64'. துள்ளிக் குதிச்சேன். ஏன்னா, அது கெட்டுப்போன கடிதம் இல்லை பாஸ், பார்சல் கட்டின கடிதம்!

கதை இதுதான். இ-மெயிலுக்கான விதிகளை 1982-ல் எழுதினப்போ, அது வெறும் 128 குறிகளை மட்டும்தான் சுமக்கும்னு வெச்சாங்க. ஆங்கில எழுத்து, எண், கமா, புள்ளி... அவ்வளவுதான். நம்ம 'அ'வுக்கு இடமே இல்லை. யு.டி.எஃப்-8 முறையில் 'அ'வுக்கு மூணு பைட் வேணும். அதை அப்படியே அனுப்பினா, வழியில் இருக்கற ஏதாவது ஒரு பழைய சர்வர் பிட்டை வெட்டிக் குதறிடலாம். 1992-ல் நதானியல் போரென்ஸ்டீன், நெட் ஃப்ரீட்னு ரெண்டு பேர் 'மைம்'னு ஒரு முறையை எழுதி இதுக்கு வழி பண்ணினாங்க. அதில் ஒரு பகுதிதான் பேஸ்64.

கணக்கு ரொம்ப ஈஸி. மூணு பைட்டில் 24 பிட். அதை ஆறு ஆறா நாலு துண்டு போடணும். ஆறு பிட்டில் 64 விதம் வரும். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண் 10, கூட்டல் குறி, சாய்வுக்கோடு... கூட்டிப் பாருங்க, 64! எந்த சர்வரும் சேதாரம் பண்ணாத குறிகள். 'அ'ங்கற ஒரு எழுத்து '4கே6எஃப்'னு வேஷம் கட்டிக்கிட்டு மஸ்கட்டிலிருந்து நம்மூர் வரைக்கும் பத்திரமா வந்துடும். மூணு நாலாகிறதால சைஸ் மட்டும் மூணில் ஒரு பங்கு ஏறும். 25 எம்.பி. லிமிட்டில் 20 எம்.பி. புராஜெக்ட் ஃபைலை அனுப்பும்போது மெயில் முரண்டு பிடிக்குதே... அதுக்கும் இதுதான் காரணம்!

முதல் மூணு எழுத்தைப் பேப்பர், பேனா வெச்சு நானே பிரிச்சேன். அ... ன்... 'அன்புள்ள'ன்னு புரிஞ்சதும் கை நடுங்கிடுச்சு. மீதியை நாலு வரி பைத்தான் பார்த்துக்கிச்சு. ஸ்க்ரீனில் முதல் வரி வந்தது. அம்மாவை அப்பா ஒரு செல்லப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் நான் கேட்டதே இல்லாத பேர்.

டக்குனு மூடிட்டேன். அது எனக்கு எழுதின கடிதம் இல்லையே!

அப்போதான் உறைச்சது. என்னால இவ்வளவு ஈஸியா பிரிக்க முடிஞ்சதுன்னா, யாராலும் முடியும். சாவி வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். பேஸ்64 பார்சல்தான், பூட்டு இல்லை. அப்பாவுக்கு ஊறுகாய் பாட்டிலைப் பழைய துணியில் சுத்திக் கட்டி அனுப்புவாங்களாம் அம்மா. உடையாம போய்ச் சேரத்தான் அந்தத் துணி, திருட்டுக்குப் பயந்து இல்லை. நம்ம கிளாஸிலேயே சிலர் பாஸ்வேர்டை பேஸ்64-ல் மாத்திட்டு, 'என்கிரிப்ட் பண்ணிட்டேன் மச்சி'ன்னு காலரைத் தூக்கி விடறாங்க. ஐயோ பாவம்!

கடிதத்தைப் படிக்காம அப்படியே பிரின்ட் எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, சமையல்கட்டு வாசப்படியில் உட்கார்ந்து படிச்சாங்க. ரெண்டு தடவை. 'என்னம்மா எழுதியிருக்கார்?'னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க. பதில் சொல்லலை.

நாலா மடிச்சு, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வெச்சு, சாவியை இடுப்பில் செருகிக்கிட்டாங்க.

அதுதான் பாஸ், என்கிரிப்ஷன்!