“ஒன்பதாவது ஆளா வர்றதுக்கு எதுக்கு வரணும்?” - தோனி மேல் கோபப்பட்ட போடி ரசிகனும் ஓர் அம்மாவின் முழங்காலும்!

ஆறாவது விக்கெட் விழுந்ததும் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த டீக்கடையில் விசில் கிளம்பியது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை இரவு. சேப்பாக்கத்தில் பெங்களூரு வைத்த 197 ரன் இலக்கைத் துரத்த முடியாமல் சென்னை திணறிக்கொண்டிருந்தது. விசில் அடித்தவர்கள் பெங்களூரு ரசிகர்கள் இல்லை. எல்லாருமே சென்னை ரசிகர்கள்தான். சொந்த அணியின் விக்கெட் போனதற்குக் குஷியாகும் ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். ‘நான் சீக்கிரம் அவுட்டாகணும்னு நம்ம ரசிகர்களே காத்திருப்பாங்க’ என்ற அர்த்தத்தில் ஜடேஜாவே ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

ஆனால், படிக்கட்டில் இறங்கி வந்தது தோனி இல்லை. அஸ்வின்.

கடைக்குள் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. ஏழாம் நம்பர் போட்ட மஞ்சள் பனியனோடு முன்வரிசை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன்தான் முதலில் எழுந்தான். வயது இருபத்தாறு. ஏலக்காய் குடோன் ஒன்றில் வேலை. “ஒன்பதாவது ஆளா வர்றதுக்கு எதுக்குடா வரணும்? வீட்லயே இருந்துக்க வேண்டியதுதானே!” என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. இதே ஆளைப் பற்றி வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால், போன வருடம் வரை அவன்தான் சண்டைக்குப் போயிருப்பான்.

தோனி ஒன்பதாவது ஆளாக வந்தார். 16 பந்தில் 30 ரன், நாட் அவுட். கடைசி ஓவரில் சிக்ஸரும் பறந்தது. மேட்ச் எப்போதோ முடிந்துபோயிருந்தது. 50 ரன் வித்தியாசத்தில் தோல்வி. 2008-க்குப் பிறகு, 17 வருடம் கழித்து, சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

வீட்டுக்குப் போனபோது அம்மா தூங்கியிருந்தார். நாலு மணிக்கு எழுந்தால்தான் சமைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு ஜீப்பைப் பிடிக்க முடியும். முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருக்கும் ஏலத் தோட்டத்துக்குத் தினமும் போய் வருபவர். இருபது வருடத்துக்கு மேலாகிறது. கட்டிலுக்குக் கீழே தைலப் பாட்டில். இரவில் முட்டியில் தடவிக்கொண்டு படுப்பது அவருக்குப் பழகிவிட்டது. அந்த வாசனை வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது.

இந்தத் தலைமுறைக்கு தோனி என்றால் வெறும் கிரிக்கெட்டர் இல்லை. ஐ.பி.எல். தொடங்கிய 2008-ல் அவனுக்கு ஒன்பது வயது. உலகக் கோப்பையை வென்ற 2011-ல் பன்னிரண்டு. சென்னை அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 இரண்டு வருடமும் சம்பந்தமே இல்லாத புனே அணிக்காகக் கத்தினான், அங்கே தோனி இருந்தார் என்பதற்காக. 2023 இறுதிப் போட்டி மழையால் தள்ளிப்போய் விடிகாலை வரை இழுத்தபோதும் தூங்கவில்லை. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடிக்க, தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படம்தான் இன்றும் அவன் போனில் வால்பேப்பர். அந்தப் போட்டியில் தோனி முதல் பந்திலேயே அவுட் என்பது யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. ஜெயித்துவிட்டால் ரசிகர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த சீசன் முழுக்க அவர் இடது முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டுதான் ஆடினார். கோப்பையை வாங்கிய கையோடு மும்பையில் அறுவை சிகிச்சை. அடுத்த வருடம் கேப்டன் பொறுப்பை ருதுராஜிடம் கொடுத்துவிட்டார். 2025-க்கு, ஐந்து வருடமாக இந்தியாவுக்கு ஆடாதவர் என்ற விதியின்கீழ் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். வயது 43.

ரசிகனின் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. டிக்கெட் கிடைக்காமல் பிளாக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் 5-ம் தேதி டெல்லிக்கு எதிரான மேட்ச்சில் பத்து ஓவர் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் களமிறங்கினார். ‘சீக்கிரம் வரமாட்டேங்கிறார்’ என்ற குறை தீர்ந்தது. ஆனால், 26 பந்தில் 30 ரன்தான் வந்தது. 25 ரன்னில் தோல்வி. அவருடைய அப்பா, அம்மா கேலரியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ‘இன்னிக்கு ஓய்வு அறிவிக்கப்போறார்’ என்று ஊரெல்லாம் வதந்தி வேறு. லேட்டாக வந்தாலும் திட்டு, சீக்கிரம் வந்தாலும் திட்டு என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். போடிக்காரன் பரிதாபப்படவில்லை. “எடம் இருந்தா சின்னப் பையன் ஒருத்தன் ஆடுவான்ல” என்றான். அதுவும் சரிதான். பிறகு ருதுராஜுக்குப் பதிலாக வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே அதே பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்துக் காட்டினார்.

இதற்கிடையில், குவாஹாட்டி மேட்ச் முடிந்து பயிற்சியாளர் ஃபிளெமிங் பேசினார். தோனியின் உடம்பும் முழங்காலும் முன்புபோல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது, அன்றைக்கு எவ்வளவு முடியும் என்பதை அவரே கணித்துக்கொள்கிறார் என்பது அவர் சொன்னதன் சாரம். அதை வைத்து மீம்ஸ் பறந்தன. இவனும் நாலு மீம்ஸ் ஷேர் செய்தான். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடமும் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

அம்மா தைலம் தடவிக்கொண்டே கேட்டார்.

“பத்து ஓவர்னா எம்புட்டு நேரம்டா?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்.”

“அம்புட்டு நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணுமா?”

“அப்படியில்லம்மா. அடிச்சா ஓடணும்.”

“அதுக்கு முன்னாடி அவரு கீழ உக்காந்து பந்து பிடிப்பாருல்ல?”

கிரிக்கெட்டில் அம்மாவுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். ஆனால், அது தெரிந்தால் போதும். ஒரு டி20 இன்னிங்ஸில் 120 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் விக்கெட் கீப்பர் குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். வைடு, நோ பால் எல்லாம் தனிக் கணக்கு. அதற்குப் பிறகுதான் பேட்டிங். மற்றவர்கள் ஓய்வு பெற்று கமென்ட்ரி பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் வயதில் அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

குந்தி உட்காருவதைப் பற்றி ஏலத் தோட்டத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டீ என்றால் நின்றுகொண்டே பறிக்கலாம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் பூவும் காயும் அடியில், தரையையொட்டிப் படரும் சரத்தில்தான். தோகையை ஒதுக்கிவிட்டுத் தூரடியில் குந்தி, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட வேண்டும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். தூருக்குத் தூர் எழுந்து, நகர்ந்து, மறுபடி குந்தி, சரிவில், ஈர மண்ணில், அட்டைக்கடியோடு.

மார்ச், ஏப்ரல் மாதத்தில் காய் எடுப்பு இருக்காது. காய்ந்த தோகையையும் பழைய தட்டையையும் அறுத்துச் செடியைச் சுத்தப்படுத்தும் வேலை. அதற்கும் குனிய வேண்டும். முட்டி தாங்காமல் அம்மா எல்லாருக்கும் கடைசியாகத்தான் வரிசையை முடிப்பார். கூட வேலை பார்ப்பவர்கள் முதலில் உதவினார்கள். பிறகு, “யக்கா, பேசாம வீட்ல இருங்களேன். மகன்தான் சம்பாதிக்கிறான்ல” என்றார்கள். மகனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். 2024 கோடை வறட்சியில் மலையில் ஏலச்செடிகள் கருகிப்போய், அந்த வருடம் வேலை நாட்கள் குறைந்தன. அப்போது வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்பது மகனுக்குப் பாதிதான் தெரியும்.

ஏப்ரல் 11 இரவு, கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை 20 ஓவரில் 103 ரன் எடுத்தது. ருதுராஜ் முழங்கை எலும்பு முறிவால் விலகிவிட, தோனி மறுபடி கேப்டனாகியிருந்த முதல் மேட்ச். அவர் எடுத்தது ஒரே ரன். கொல்கத்தா பத்தே கால் ஓவருக்குள் முடித்துவிட்டது. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அவன் பனியனைக் கழற்றிக் கொடியில் எறிந்தான்.

மறுநாள் சனிக்கிழமை, குடோன் வேலையாகப் பூப்பாறைக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பியவன், அம்மா வேலை பார்க்கும் தோட்டத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினான். சாயங்காலம். ரோட்டோரம் ஜீப் நின்றது. பின்னால் பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தார். “இன்னும் யாருண்ணே?” என்றான் இவன், யாரென்று தெரியாமல்.

“அந்தா வாராங்க பாரு.”

மேலே மரத்தடிச் சரிவில் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். நேராக இறங்கவில்லை. பக்கவாட்டில், ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, மரத்தைப் பிடித்து, நின்று, மறுபடி ஒரு கால். ஜீப்பில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் ‘உச்’ கொட்டினார். வீடு போய்ச் சேர்ந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டியவர். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அம்மாவைத் தன் பைக்கில் ஏறச் சொன்னான். “காலைத் தூக்கிப் போட முடியாதுடா” என்று சொல்லிவிட்டு ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து லக்னோவில் தோனி 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்கவைத்தார். ஆட்ட நாயகன் விருது. டீக்கடையில் மறுபடி விசில். மேட்ச் முடிந்து அவர் நொண்டிக்கொண்டே ரூமுக்குப் போகும் வீடியோ இரவே வந்துவிட்டது. இவன் அதை ஷேர் செய்யவில்லை.

அதற்காக அவன் மாறிவிட்டான் என்று எழுதினால் பொய். மே 3, பெங்களூருவிடம் இரண்டே ரன்னில் தோற்றபோது, ‘இன்னும் ரெண்டு ஷாட் அடிச்சிருக்கணும், தப்பு என் மேலதான்’ என்கிற மாதிரி தோனி ஒத்துக்கொண்டார். “ஒத்துக்கிட்டா பாயின்ட்டு குடுப்பாய்ங்களா?” என்று அன்றைக்கும் கத்தினான். 14 மேட்ச்சில் நாலு வெற்றி. சென்னை வரலாற்றில் முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடம். கடைசி மேட்ச் முடிந்து, முடிவெடுக்க நாலைந்து மாதம் இருக்கிறது, அவசரம் இல்லை என்று தோனி சொன்னதைக் கேட்டு, “அவசரமில்லையாம்!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

போகாவிட்டால் ஏன் போகவில்லை என்பார்கள். போய்விட்டால்? அமெரிக்கக் கால்பந்தில் ‘குவார்ட்டர்பேக்’ என்று ஓர் இடம் உண்டு. மொத்த ஆட்டத்தையும் நடத்துபவர் அவர்தான். இண்டியானாபொலிஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக், அடுத்தடுத்த காயங்களால் நொந்து 29 வயதில் ஓய்வு பெற முடிவெடுத்தார். 2019 ஆகஸ்ட்டில் ஒரு மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்துவிட, அவர் மைதானத்தைவிட்டு வெளியேறும்போது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். வலித்தது அவருக்கு. கோபம் இவர்களுக்கு.

ஆகஸ்ட்டில் மலையில் காய் எடுப்பு மும்முரமானது. அதே மாதம் நடந்த ஒரு விழாவில், ‘நீங்க கண்டிப்பா ஆடணும்’ என்று ரசிகர் ஒருவர் குரல் கொடுக்க, தோனி இந்தியில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்த வீடியோ அவன் போனுக்கு வந்தது. அம்மாவிடம் காட்டினான்.

“என்னடா சொல்றாரு?”

“முட்டி வலிக்குதே, அத யாரு பாத்துக்குறதுன்னு கேக்குறாரு.”

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தைலம் பாயில் கொட்டியது. “திரும்பப் போடு” என்றார். மூன்று தடவை பார்த்தார்.

மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் முட்டிக்குப் போடும் பட்டை ஒன்று வாங்கி வந்தான். அளவு கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. இரண்டு அளவில் வாங்கினான். குடோனில் காய் தரம் பிரிக்கும் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம் என்று முதலாளியிடம் பேசியும் வைத்தான். மலைக் கூலியைவிடக் குறைவுதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

விடிகாலையில் ஜீப் வந்தது. பட்டையைச் சேலைக்குள் இழுத்து மாட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு படியிறங்கினார்.

“இந்த சீசன் மட்டும்டா.”

போன வருடமும் அதையேதான் சொன்னார்.