ஒரு பக்தர்... பத்து பாயின்ட்!

ஒரு சாமியை உருவாக்க என்ன வேணும்? கல், மண், தங்கம் எதுவும் வேணாம். ஒரு ரூல்டு நோட்டும் ரெண்டு பேனாவும் போதும்!

பதறாதீங்க பாஸ், விளையாட்டைத்தான் சொல்றேன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேள்விப்பட்டிருப்பீங்க. ஆளுக்கொரு கேரக்டராக மாறி, கதை பேசி, இருபது முகப் பகடையை உருட்டி ஆடுற ஆட்டம். அதில் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'னு ஒரு உலகம். பக்தர்கள் எவ்வளவோ, சாமிக்கு அவ்வளவு சக்தி என்பது அங்கே சட்டம். டெர்ரி பிராட்செட் 1992-ல் எழுதிய 'ஸ்மால் காட்ஸ்' நாவல் இன்னும் தமாஷ். ஒரு நாடே கும்பிடுற சாமி அது. ஆனா, மனசார நம்புறது ஒரே ஒரு பையன்தான். அதனால சாமி ஆமையாகச் சுருங்கிக் கிடக்கும்!

இந்த ஐடியாவை வெச்சு, ஹாஸ்டலில் நாங்க ஆறு பேர் சொந்தமா ஒரு உலகம் கட்டினோம். ஒரு பக்தருக்கு ஒரு பாயின்ட். பாயின்ட் சேர்ந்தா அற்புதம். அற்புதம் நடந்தா புது பக்தர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தா, பத்தே ஆட்டத்தில் மழைச்சாமி மத்த எல்லாரையும் முழுங்கிடும். எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்குப் புரியும்... பக்கா பாசிட்டிவ் ஃபீட்பேக்! பெரிய சாமி இன்னும் பெருசாகும், சின்ன சாமி காணாமப் போகும்.

அதை உடைச்சது எங்க தர்மபுரி நண்பன். அவன் ஊர்ப்பக்கம் நடுகல் அதிகம். ஊர் மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிட்ட மண். "அவனைச் சாமியாக்கினது கும்பிட்ட ஊருதான்டா. ஆனா, தலையை எண்ணாதீங்க. எதை விட்டுக்கொடுத்துக் கும்பிடறான்னு எண்ணுங்க" என்றான். விதி மாறியது. போற போக்கில் நூறு பேர் கும்பிட்டா ஒரு பாயின்ட். தனக்கு வேண்டியதை இழந்து ஒருத்தர் கும்பிட்டா பத்து!

அவன் உருவாக்கினது ஒரு நடுகல் சாமி. அதுக்கு ஒரே பக்தன், அவனோட கேரக்டர்.

ஐந்தாவது செமஸ்டரில் அவன் காலேஜை விட்டுட்டான். அப்பாவுக்கு உடம்பு முடியலை, கடையைப் பார்க்க வேற ஆள் இல்லை. எங்க விதிப்படி, மூணு ஆட்டம் பக்தன் வரலைன்னா சாமி காலி. "அவனுக்காக ரூலைத் தளர்த்தலாமே" என்று ஒருத்தன் கேட்டான். மத்தவங்க ஒத்துக்கலை. சும்மா பொழைக்க வைக்கிற சாமி, சாமியே இல்லையே!

மூணாவது ஆட்டம். மழைச்சாமியின் பூசாரியாக ஆடுறவன், ஒரு வருஷமா சம்பாதிச்ச மழை வரவழைக்கிற வரத்தை அந்தக் கல்லுக்கு முன்னாடி வெச்சுட்டான். பத்து பாயின்ட். கல் நின்னுது.

அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு ஒண்ணு உறைச்சது. 'மிஸ் யூ மச்சி'ன்னு நூறு மெசேஜ் தட்டினாலும், எங்க கணக்குல அது ஒரே பாயின்ட்தான்.

இப்போ மாசத்தில் ஒரு ஞாயிறு, அஞ்சு பேரும் பஸ் ஏறிடறோம். மதியம் அவன் கடையைச் சாத்தினதும், ஷட்டரை பாதி இறக்கிட்டு உள்ளே ஆட்டம். முதல் பகடை எப்பவும் அவனுக்குத்தான்!